வேலூர் வெயில்ல க்ளவுன் ஃபிஷ்: நோயும் சண்டையும் இல்லாம வளர்க்கிறது எப்படி?

புதுசா க்ளவுன் ஃபிஷ் (ஆரஞ்சும் வெள்ளையுமா பட்டை போட்ட கடல் மீன்) வளர்க்க ஆசப்படறவங்க எந்த லைட் வாங்கறது, எந்த ஃபில்டர் வாங்கறதுன்னு தான் மொதல்ல கேக்கறாங்க. மீன் சாகறது அதனால இல்லீங்க. தண்ணி சரியில்லாம, நோயோட வந்த மீன நேரா தொட்டில விட்டு, பொருந்தாத ஜோடிய சேத்து வெச்சு தான் சாகுது.

படி 1: தண்ணி
நம்ம பக்கத்து போர் தண்ணி குடத்துல வெள்ளையா படியறது எல்லாருக்கும் தெரியும், ஏற்கனவே உப்பு தண்ணி தானேன்னு அத ஊத்தாதீங்க, அது கடல் உப்பு கிடையாது. ஆர்.ஓ. தண்ணில மரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்குன்னே விக்கிற உப்பு) கலந்து ஹைட்ரோமீட்டர்ல (தண்ணில உப்பு எவ்வளவுன்னு காட்டற கருவி) 1.023ல இருந்து 1.025க்குள்ள கொண்டு வாங்க. சமையல் கல்லுப்பு வேணாம், பாலாத்து மணலும் வேணாம், பவள மணல் போடுங்க. மீன் விடாம 4ல இருந்து 6 வாரம் ஃபில்டர் ஓடட்டும், டெஸ்ட் கிட்ல அமோனியாவும் நைட்ரைட்டும் (ரெண்டுமே மீனுக்கு விஷம்) 0 காட்டணும்.

படி 2: வெயில்
தண்ணி 25ல இருந்து 27 டிகிரி இருந்தா நல்லது. மே மாசம் இங்க வெளிய 40 தாண்டிடும், சில்லர் (தண்ணிய குளிர வைக்கிற மெஷின்) வாங்க எல்லாராலயும் முடியாது, அதனால கண்ணாடி மூடிய எடுத்துட்டு வலை போட்டு (மீன் வெளிய குதிக்கும்) தண்ணி மேல படற மாதிரி சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஃபேன் வெச்சா தண்ணி வேகமா வத்தும். வத்தறது தண்ணி மட்டும் தான், உப்பு அங்கயே நிக்கும், அதனால வெறும் ஆர்.ஓ. தண்ணிய ஊத்தி அளவ சரி பண்ணுங்க. சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மி, கரண்ட் கட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் கண்டிப்பா வேணும்.

படி 3: தனி தொட்டி
இத விட்டுடாதீங்க. 40 லிட்டர் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிஞ்சுக்க பிவிசி பைப் துண்டு போதும். புது மீன் எதுவா இருந்தாலும் 4 வாரம் அதுல தான். கடல்ல பிடிச்சத விட ஹேட்சரில பொறிச்ச குஞ்சு நல்லது, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே இத இனப்பெருக்கம் பண்ணியிருக்காங்க. கடைல வாங்கும்போது உங்க கண்ணு முன்னாடி தீனி போட சொல்லுங்க, சாப்பிடாத மீன் வேணாம்.

படி 4: நோய கண்டுபிடிக்கிறது
உடம்பு மேல சளி மாதிரி வெள்ளையா படலம், தோல் உரியற மாதிரி, மேல வந்து வேகமா மூச்சு வாங்குது, தீனி தொடல: இது ப்ரூக்ளினெல்லாங்கற ஒட்டுண்ணி நோய். க்ளவுனுக்கு அதிகமா வர்றது இது தான், ஓரிரு நாள்லயே முடிச்சிடும். இதுக்கு காப்பர் மருந்து கேக்காது, ஃபார்மலின் குளியல் தான், பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கு மேல ஒரு சொட்டு கூடாது, ஏர் ஸ்டோன் ஓடணும், ஃபார்மலின் நமக்கும் விஷம், கைல க்ளவுஸ், ஜன்னல் தொறந்து வைங்க.

உப்புக்கல் தூவின மாதிரி தனித்தனி புள்ளி இருந்தா இக் (வெள்ளை புள்ளி நோய்). பொடி தூவின மாதிரி மங்கலா தெரிஞ்சா வெல்வெட் நோய், இது இன்னும் வேகம். ரெண்டுக்கும் காப்பர், ஆனா தனி தொட்டில மட்டும், பவளமும் இறாலும் இருக்கிற மெயின் தொட்டில ஊத்தினா அதுங்க செத்துடும். மெயின் தொட்டி மீன் இல்லாம குறைஞ்சது 6 வாரம், முடிஞ்சா 76 நாள் கிடக்கட்டும், அப்ப தான் அதுல மிச்சம் இருக்கிற ஒட்டுண்ணி சாகும்.

படி 5: ஜோடி
க்ளவுன் எல்லாமே ஆணா தான் வளர ஆரம்பிக்கும், கூட்டத்துல பெருசா அதிகாரம் பண்றது பெண்ணா மாறிடும், மாறினா திரும்ப வராது. அதனால ஒரே சைஸ்ல ரெண்டு பெரிய மீன் வாங்கினா ரெண்டும் பெண்ணா இருந்து அடிச்சு கொன்னுக்க வாய்ப்பு இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்ன குஞ்சு, ஒரே இனம், ஒரே நாள்ல விடுங்க. சின்னது பெருசுக்கு பக்கத்துல போய் சாஞ்சு உடம்ப வெடவெடன்னு ஆட்டும், வலிப்புன்னு பயந்து மருந்து ஊத்திடாதீங்க, "நீ தான் பெரியவ"ன்னு ஒத்துக்கறது அது. ராத்திரி மூலைல சாஞ்சு தூங்கறதும் நோய் இல்ல. துடுப்பு கிழிஞ்சு, சின்னது வெளிய வரவே பயப்பட்டா மட்டும் பிரிங்க.

படி 6: கூட யாரு
கோபி, ஃபயர்ஃபிஷ், பங்காய் கார்டினல் சரிப்படும். ட்ரிகர், லயன்ஃபிஷ் க்ளவுன தின்னுடும். டாம்செல் விலை கம்மின்னு கடைக்காரர் தலைல கட்டுவாரு, வேணாம், ரொம்ப சண்ட போடும். க்ளவுன்லயே வேற இனமான மெரூன் க்ளவுன, ஓசெல்லாரிஸ் (சாதா ஆரஞ்சு க்ளவுன்) கூட சேக்கவே கூடாது.

அனிமோன் (கடல்ல க்ளவுன் ஒளிஞ்சு வாழற, பூ மாதிரி இருக்கிற உயிரினம்) இல்லாமலே க்ளவுன் நல்லா வாழும். வேணும்னா தொட்டிக்கு 6 மாசமாவது ஆகட்டும், நல்ல லைட் இருக்கணும், அனிமோன் நகர்ந்து போய் பம்ப் வாய்ல மாட்டி கிழிஞ்சா மொத்த தண்ணியும் கெட்டுடும், அதனால பம்ப் வாய்க்கு முன்னாடியே ஸ்பான்ஜ் சொருகிடுங்க.