பழைய மில் சுவரில் செங்கல் இடுக்கு அடைக்கும் முறை

மும்பையில் பரேல், லால்பாக் பக்கத்துப் பழைய பருத்தி மில் ஒன்றை அருங்காட்சியகமாக்கினால், உள்ளே வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது ரம்பப் பல் கூரையில் இறங்கும் வடக்கு வெளிச்சத்தை. அந்த வெளிச்சம் விழுவதோ செங்கல் சுவரில். இடுக்கில் சிமென்ட் அடைத்தால் சுவர் போச்சு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் செங்கல் வழியே வரும்போது உப்பு அதன் முகத்தடியில் உறைந்து செதில் செதிலாக உதிர்க்கும்.

வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய சாந்தில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அடியில் தங்குவதைக் கழுவிக் காயவைத்து, அதே நிறத்திலும் பருமனிலும் ஆற்று மணல் தேடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு.

இடுக்கை 25 மி.மீ. ஆழம், அல்லது இடுக்கு அகலத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அதுவரை சுரண்டுங்கள். இடுக்கைவிட ஒடுங்கிய உளிதான் சரி. கிரைண்டர் வேகமானது, செங்கல் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நீற்றி ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் ஏறும் அடிச்சுவரில் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, குறைவாக வெந்த செங்கல் தூளான சுர்க்கி சேருங்கள். அதிகம் வெந்த கல்லின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது. கடுக்காயும் வெல்லமும் நம் ஊரில் நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய சாந்தில் அவை இருந்ததற்குத் தடயம் இல்லாவிட்டால் இங்கே எதற்கு? சாந்து இறுக்கமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இடித்துக் குழையுங்கள். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும்.

இடுக்கை நன்றாக நனைத்து, ஒரு முறைக்கு 10 மி.மீ. வீதம் அழுத்துங்கள். கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகியபின் அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கு செங்கல் முகத்துக்கு 2 மி.மீ. உள்ளே நிற்கட்டும், வெளியே வழித்தால் இடுக்கு தடித்துச் சுவரே அசிங்கமாகும்.

நனைத்த சாக்கை ஒரு வாரமாவது தொங்கவிடுங்கள், மேற்குச் சுவரில் இன்னும் சில நாள். சீக்கிரம் உலர்ந்த சாந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுக முடியாமல் பொடியாகவே நிற்கும். நிறத்தைக் காய்ந்த பிறகே ஒப்பிடுங்கள். ஈரத்தில் கருத்துத்தான் தெரியும். பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதுவும் ஈரத்தை அடைக்கும்.