கடனீரேரி ஓரத்தில் காணி: மாசியில் பார்க்கிறதும் ஆவணியில் பார்க்கிறதும்

மாரி ஓய்ந்து மாசிப்பனி மூசிப் பெய்யும் நாட்களில்தான் யாழ்ப்பாணக் கடனீரேரி, அதாவது கடலோடு தொடுத்த உவர்நீர் ஏரி, அதன் கரையில் காணி பார்க்க ஆட்கள் கூட வருவார்கள். கொழும்புத்துறை, அரியாலை தொடக்கம் தனங்கிளப்பு, கச்சாய் வரை ஏரி நிறைந்து கிடக்கும். தூரத்தில் பூநாரை நிற்கும், வளவு மா பூத்திருக்கும். தரகர் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தருவார், தண்ணீர் இனிக்கும். அந்த வாளியை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கரையோரத்தில் அந்த மேல் அடியே அரை அடி, கால் அடியாகக் குறைந்துவிடும். கோடையில் இறைத்து இறைத்து மேல்மட்டம் சிறிது இறங்கினாலே உப்பு பல மடங்கு மேலே ஏறுவது இதனால்தான். மாசியில் இனித்த கிணறு ஆவணியில் கரிக்கும்.

வாங்கும் முன் கிணற்றை மேலும் கீழுமாகச் சோதியுங்கள். அரை லீற்றர் கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் கயிறும் அடியில் ஒரு கல்லும் கட்டுங்கள். வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். போத்தலை அடிவரை இறக்கி, சேற்றில் முட்டியதும் ஒரு அடி தூக்கிப் பிடித்து நூலைச் சுண்டினால் தக்கை கழரும். குமிழி நின்றதும் இழுத்தெடுங்கள். மேல்தண்ணீரையும் இந்த அடித்தண்ணீரையும் கைக்கடக்கமான ரீ.டி.எஸ் மீற்றரால் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். குடிநீருக்கு இலங்கைத் தரநியமம் வைத்த எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். மேலே 400, கீழே 1,500 என்று காட்டினால் உப்பு உங்கள் கிணற்றடியிலேயே காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, குறைவாக இருந்தால் நல்லது. ஆனாலும் அது மாசிக் கணக்குத்தான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: "ஆவணி, புரட்டாதியில தேத்தண்ணிக்கு எங்க தண்ணி அள்ளுறனீங்கள்?" அவர் பவுசர் வரும் கிழமையைச் சொன்னால் விடை கிடைத்துவிட்டது.

மாசி கிணற்றைப் பற்றிப் பொய் சொன்னாலும் வெள்ளத்தைப் பற்றி உண்மை சொல்லும். மதிலில், பனையடியில், படலைக் கட்டையில் சேறு படிந்த கோடு இன்னும் அழியாமல் இருக்கும். நிலத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு எத்தனை அங்குலம் என்று நாலைந்து இடத்தில் அளந்து எழுதுங்கள். சித்திரை வெயிலுக்குப் பிறகு வந்தால் அதைக் காணமாட்டீர்கள். நிலத்தில் உப்புமண்ணில் வரும் உமரிப் பூண்டு முளைத்திருந்தாலோ, காலையில் மண் வெள்ளை பூத்திருந்தாலோ அங்கே வீடு கட்டலாம், தோட்டம் செய்ய முடியாது. கரையில் கண்டல் நின்றால் 'காட்சிக்கு மறைக்குது' என்று வெட்டாதீர்கள். கரை அரியாமல் நிற்பது அதனால்தான்.

அடுத்தது பரப்புக் கணக்கு. புதுக் குடியிருப்புகளில் பெரிய பிழை நடப்பது இங்கேதான். ஒரு ஏக்கர் 16 பரப்பு. முன்பு ஒரு குடும்பம் இருந்த வளவை இப்போது இரண்டு இரண்டு பரப்பாகத் துண்டு போட்டு விற்கிறார்கள். 2 பரப்பு என்றால் 5,445 சதுர அடி. சரிசதுரமாக வந்தாலும் பக்கம் 74 அடி, மூலைக்கு மூலை 104 அடி. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி போதும் என்று மேசன்மார் சொல்வார்கள். மண் வடிகட்டும் இடத்தில் அது சரி வரலாம். வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்லில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் ஓடும், ஆகவே 100 அடிக்குக் குறையாமல் வையுங்கள். சதுரக் காணியில் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் சொந்தக் கணக்கு மட்டுமட்டாகச் சரிவரும். மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவர் தன் குழியை உங்கள் கிணற்றுக்கு 10 அடியில் வெட்டினால் அந்தக் கணக்கும் போயிற்று.

ஆகவே அத்திவாரக் கயிறு பிடிக்கும் முன் நாலு பக்கத்து ஆட்களோடும் இருந்து கதையுங்கள். எல்லாக் குழியும் ஏரிப் பக்கம், எல்லாக் கிணறும் மேட்டுப் பக்கம் என்று ஒரே வரிசை பிடியுங்கள். நிலத்தடி நீர் பெரும்பாலும் மேட்டிலிருந்து ஏரியை நோக்கி நகரும், குழி கீழே இருந்தால் கிணறு தப்பும். அதைவிட நல்லது, நாலு வீட்டுக்கு ஒரு பங்குக்கிணறு. யாழ்ப்பாணத்துக்கு இது புதிதல்ல. முறை வைத்து இறைத்த வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது. நாலு கிணறு வெட்டினால் நாலு இடத்தில் உப்பை மேலே இழுக்கிறோம், அவ்வளவுதான்.

குழியின் அடியைத் திறந்து விடாதீர்கள். ஏரிக்கரையில் மாரியில் தண்ணீர் நிலத்துக்கு 2, 3 அடிக்குள் வந்துவிடும். அடியில்லாத குழி அப்போது கிணற்றோடு ஒன்றாகிவிடும். இரண்டு அறை உள்ள, அடியும் பக்கமும் கொங்கிறீற் போட்ட ராங்கி கட்டி, அதிலிருந்து வழிவதை நிலமட்டத்துக்கு மேல் உயர்த்திய மண் மேடைக்கு விட்டு, மேடையில் வாழை வையுங்கள். குடிக்கும் தண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் பால்மா கரைக்க வேண்டாம்.

அனுமதி விடயம் சுருக்கமாக. கடற்கரையில் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுத்த கடனீரேரிகளும் இதற்குள் வரும், 2011 திருத்தத்துக்குப் பிறகு அவற்றின் ஓரத்திலிருந்து உள்ளே 100 மீற்றரும் சேர்ந்தது. இதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச சபை அனுமதி வேறு, இது வேறு. காணியில் பெண்பனை நின்றால் அதையும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. பலா, ஈரப்பலாவோடு அதுவும் சட்டப்பாதுகாப்பில் இருக்கிறது. முகமாலைப் பக்கம் போல் போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த இடமென்றால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த நிலமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே கால் வையுங்கள்.

அத்திவாரம் வெட்ட அவசரப்படாதீர்கள். தையில் வெட்டிய கிடங்கில் இரவோடு தண்ணீர் ஊறிவிடும், இறைத்துக்கொண்டே கொங்கிறீற் போட்டால் சீமெந்துப் பால் கழுவுப்பட்டுப் போகும். பங்குனிக் கடைசி வரை பொறுங்கள். வீட்டு நிலமட்டம், அளந்து வைத்த வெள்ளக் கோட்டுக்கு மேல் குறைந்தது 18 அங்குலம் இருக்கட்டும். வளவு முழுவதற்கும் மக்கி கொட்டி உயர்த்த வேண்டாம், வீட்டடியை மட்டும் உயர்த்துங்கள். வளவை உயர்த்தினால் உங்கள் வெள்ளம் அயலவன் குசினிக்குள் போகும். கிடுகு வேலிக்கு ஊடாக வடிந்த தண்ணீர் மதிலுக்குள் வடியாது. மதில்தான் வேண்டுமென்றால் அடியில் 8 அடிக்கு ஒன்றாக 6 அங்குல ஓட்டை விடுங்கள்.

உப்பு கலந்த மணலும் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரும் கொங்கிறீற்றுக்குள் போனால் சில வருடங்களில் கம்பி துருவேறிப் பருத்து, தட்டின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழும். மணலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் பாரவண்டியைத் திருப்பி அனுப்புங்கள். கொங்கிறீற் குழைக்க நல்ல தண்ணீர் பவுசரில் எடுப்பது வீண்செலவு அல்ல. கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கொங்கிறீற் மூடி நிற்க, அதே தடிப்பில் சிறு கொங்கிறீற் கட்டிகளை முன்பே வார்த்து வைத்துக் கம்பிக்குக் கீழே முண்டு கொடுங்கள். கருங்கல் துண்டு வைத்துச் சமாளிக்க மேசனுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பழைய பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கினால் முதல் வேலை கிணறு. வழக்கம்போல் கலக்கி ஒட்ட இறைக்கக் கூடாது. ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் அடியிலிருந்து உப்புக் கூம்பு மேலேறும், அது திரும்ப இறங்க அடுத்த மாரி வரை செல்லலாம். மேலே மிதக்கும் இலை, குப்பையை வலையால் அள்ளுங்கள். அரைக் குதிரைவலு மோட்டரால் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று மூன்று நாலு நாள் இறைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம், அதன் புகை உள்ளே நிற்பவனைக் கொன்றுவிடும்.

பிறகு குளோரீன். 10 அடி விட்டமான கிணற்றில் 8 அடி தண்ணீர் என்றால் 3.14 × 5 × 5 × 8 = 628 கன அடி, அதாவது ஏறத்தாழ 17,800 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரீன் விழ, 65 வீதத் தூள் என்றால் 1,400 கிராம், 30 வீத வெளிற்றும் தூள் என்றால் 3 கிலோ. பிளாஸ்ரிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் சுவரைச் சுற்றி ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு, மணம் போகும் வரை முன்போலவே கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து வெளியே விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கோ ஏரிக்கோ விட வேண்டாம், வெறும் முற்றத்தில் பரவ விட்டால் வெயிலில் குளோரீன் பறந்துவிடும்.

மோட்டர்க் குழாயின் வாயை அடியில் போடாமல், மூடிய பிளாஸ்ரிக் கானில் கட்டி மிதக்க விட்டு, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே நிற்க வையுங்கள். தண்ணீர் இறங்க அதுவும் இறங்கும், எப்போதும் மேல்தண்ணீரைத்தான் உறிஞ்சும்.

ஆவணிக்கு மழைநீர் ராங்கி வேண்டும். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே 9,000 லீற்றருக்கு மேல். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 32 லீற்றர் என்றால் ஆறு மாதத்துக்கு 5,800 லீற்றர் போதும், ஆகவே 6,000 லீற்றர் ராங்கி. ஐப்பசி முதல் மழையில் காக்கை எச்சமும் தூசியும் கழுவி வரும் முதல் 200 லீற்றரை வெளியே திருப்பி விடுங்கள். ராங்கியின் வழிவாய்க்கு நுளம்பு வலை கட்டி, மிச்சத்தைக் கிணற்றுக்குள் நேரே விடாமல் 10 அடி தள்ளி வெட்டிய, மணலும் சல்லியும் நிரப்பிய 4 அடிக் குழிக்குள் விடுங்கள்.