அரும்பு, மொட்டு, மலர்: ஒரே பார்வையில் வகுப்பு

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பதிவுகளைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றும்போது, கற்றல் நிலைகளில் அடிநிலையான அரும்புக்கு 1, நடுநிலையான மொட்டுக்கு 2, மேல்நிலையான மலருக்கு 3 என்று எண்ணாகப் போடுங்கள். பிறகு, மதிப்புக்கேற்பக் கட்டங்களுக்கு நிறம் தரும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 'கலர் ஸ்கேல்' கொடுங்கள்; 1 வெளிறியும் 3 அடர்ந்தும் தெரியட்டும். குழந்தைகள் வரிசையில், திறன்கள் பத்தியில் இருக்கட்டும்.

ஒரு வரிசை முழுக்க வெளிறியிருந்தால் அந்தக் குழந்தைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு பத்தியே வெளிறியிருந்தால் பாடத்தைத்தான் மறுபடி நடத்த வேண்டும். எண்களாகப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. குறைந்த மதிப்பு 1, அதிக மதிப்பு 3 என்று நீங்களே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரும்பில் யாருமே இல்லாத வகுப்பில் மொட்டுகூட வெளிறித் தெரியும்.

சிவப்பு, பச்சை வேண்டாம். ஒரே நிறத்தில் வெளிறலிலிருந்து அடர்த்திக்குப் போகட்டும், அப்போதுதான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் புரியும்.

10க்கு ஒரு தேர்வு, 50க்கு ஒரு தேர்வு என்று கலந்த மதிப்பெண்களுக்கு இது சரிவராது; முதலில் சதவீதமாக்குங்கள். அப்புறம், பெற்றோரிடம் அவர்கள் பிள்ளையின் வரிசையை மட்டும் காட்டுங்கள், முழுத் தாளையும் வேண்டாம்.