வீட்டுத் தோட்டத்து ஹாப்ஸ்: பறிக்கும் பக்குவம்

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் பீர் காய்ச்சுவதற்கென்று கொல்லையிலேயே ஹாப்ஸ் கொடி வளர்ப்பவர்கள் பலர். ஆகஸ்ட் பிற்பகுதியில் அவர்களுக்கு எழும் கேள்வி, பீரில் சேர்க்கும் அந்தக் கொடியின் பூக்களை எப்போது பறிப்பது என்பதுதான். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பூவை விரல்களுக்கிடையே அழுத்துங்கள். ஈரமாக, அமுங்கியபடியே கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காகிதம்போல் சரசரத்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு மீண்டால் பக்குவம் வந்துவிட்டது. நீளவாக்கில் பிளந்தால் இதழ்களின் அடியில் அடர்மஞ்சள் தூள் தெரியும். விரலில் பிசுபிசுவென ஒட்டும். பீரின் கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. அது பழுப்பேறுவதற்குள் பறித்துவிட வேண்டும்.

பறித்ததை வலைத்தட்டில் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் வேண்டவே வேண்டாம். சூடு மிஞ்சினால் மணம் போய்விடும். நடுக்காம்பு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காற்றுப் புகாத பையில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள்.

முதல் ஆண்டு விளைச்சல் சொற்பமாகத்தான் இருக்கும். கொடி அப்போது வேர்விடுவதில் மும்முரமாக இருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. காய்ச்சி வடித்த சக்கையும் அப்படியே. அதை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.