மருத்துவ மாணவர்களின் ஆங்கில வகுப்பை எப்படி எடைபோடுவது?

மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பு பயன்பட்டதா என்று கேட்டால், கடைசி நாளில் வாங்கிய ஃபீட்பேக் படிவங்களைத்தான் பலரும் எடுத்து நீட்டுகிறார்கள். ஆசிரியரைப் பிடித்திருந்ததா என்று அதில் தெரியும். வார்டில் அந்தப் பிள்ளையால் கேஸ் சொல்ல, அதாவது நோயாளியின் நிலையை ஆங்கிலத்தில் விவரிக்க, முடியுமா என்று தெரியாது.

வேலையை வகுப்புக்கு முன்பே தொடங்குங்கள். 2019 எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வந்த 175 மணி நேர ஃபவுண்டேஷன் கோர்ஸில் (புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான தொடக்கப் பயிற்சி), மொழிக்கும் கணினிக்கும் சேர்த்தே 40 மணிதான் ஒதுக்கினார்கள். அதற்குள் என்ன கற்பிப்பது? முதலாமாண்டு மாணவர் ‘சரளமாகப் பேசணும்’ என்பார். உடற்கூறியல் ஆசிரியரையும், பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்களையும் கேளுங்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வு, நோயாளி விவரம் எழுதும் கேஸ் ஷீட், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி, வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம் என்று தேவை துல்லியமாக வரும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் வகுப்பை அளக்க வேண்டும்.

அப்புறம் தேர்வு. கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணத் தாள் வேண்டாம். நம் வார்டில் நோயாளி பேசுவது தமிழ், மருத்துவர் எழுதுவது ஆங்கிலம், அதையே சோதியுங்கள். சக ஆசிரியர் ஒருவர் நோயாளியாக உட்காரட்டும்: “மூணு நாளா நெஞ்சு கரிக்குது டாக்டர், படுத்தா ஜாஸ்தியாகுது. சுகர் மாத்திரை போன மாசமே விட்டுட்டேன்.” மாணவர்கள் கேட்டு, ஆங்கிலத்தில் ஹிஸ்டரி (நோய் வந்த விவரம்) எழுத வேண்டும். வகுப்புக்கு முன் ஒரு முறை, முடிந்தபின் அதே கடினத்தில் வேறொரு நோயாளியோடு ஒரு முறை.

திருத்த இருவர் வேண்டும். மருத்துவர், விட்டுப்போன விவரத்தையும் வரிசையையும் பார்க்கட்டும். மொழி ஆசிரியர் பிழைகளை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. a, the போன்ற ஆர்டிகிள் விட்டுப்போனால் யாருக்கும் ஆபத்தில்லை. நிறுத்திய மாத்திரையை இன்னும் சாப்பிடுவதாகக் காலம் மாற்றி எழுதினால் சிகிச்சையே தவறிப்போகும். இந்த இரண்டாம் வகைப் பிழை குறைந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

வகுப்புச் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தபின், தமிழ்வழியில் படித்த பலர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி உயர்ந்தும் அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். மதிப்பெண்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் வகுப்பில் வாசிக்காதீர்கள். கூச்சப்பட்டு வாய் மூடிய பிள்ளையை மறுபடி பேசவைப்பது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாமாண்டில் வார்டுக்குப் போனதும், அனுமதி வாங்கி கேஸ் பிரசென்டேஷனில் பின்வரிசையில் உட்காருங்கள். எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பேட்சின் பாடத்தை அந்தக் குறிப்பிலிருந்து எழுதுங்கள்.