ஜப்பானில் முதல்முறை கரோக்கே: பாடத் தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடை, கூட்டம் என்று பயப்பட வேண்டாம். கரோக்கே என்றால் பதிந்து வைத்த வாத்திய இசைக்கு நாமே பாடுவது. ஜப்பானில் அதற்கு இடம் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு பாடும் ஒரு சின்ன அறை. 1980களின் நடுவில் ஒகயாமா பக்கம் பழைய சரக்குப் பெட்டகங்களை இப்படி அறைகளாக்கிய பிறகுதான், பாரில் குடிக்க வந்தவர்களின் பொழுதுபோக்கு மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது.

1. அறை எடுங்கள்

எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று வரவேற்பில் கேட்பார்கள். பெரும்பாலும் ஆளுக்கு அரை மணி நேரக் கணக்கில் கட்டணம். வார நாள் பகலில் மலிவு, சனி ஞாயிறு இரவில் கை கடிக்கும். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும் என்று பல கடைகளில் விதி உண்டு. தனியாகப் போனாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். அதற்கு ‘ஹிதோகாரா’ என்று பெயரே இருக்கிறது.

2. பாட்டைத் தேடுங்கள்

மேசைமேல் டேப்லெட் இருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றும் வசதி பலவற்றில் உண்டு. பாட்டைத் தேர்ந்து அனுப்பினால் வரிசையில் சேரும்.

3. சுருதியைக் குறையுங்கள்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். உச்சத்தில் தொண்டை அடைத்தால் டேப்லெட்டில் ‘கீ’ என்று இருப்பதை இரண்டு மூன்று படி இறக்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கரோக்கே பிறந்ததே இதற்காகத்தான். கோபே நகர பார்களில் வாடிக்கையாளர்கள் பாட, பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே தைசுகே. ஒரு சிறு கம்பெனி முதலாளிக்கு அவர் வாசித்தால்தான் பாட்டு வரும். வெந்நீர் ஊற்று விடுதிக்கு உல்லாசப் பயணம் போகிறேன், கூட வா என்று கூப்பிட்டார். இனோவேக்கு வேலை. அதனால் முதலாளியின் குரலுக்கும் வேகத்துக்கும் தோதாக வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971இல் நூறு யென் நாணயம் போட்டால் ஓடும் பெட்டியானது. முதலில் செய்தவை 11.

தோக்கியோவில் நெகிஷி ஷிகேயிச்சி 1967லேயே இப்படி ஒரு பெட்டி செய்திருந்தார். அவர் பாடுவதைக் கூட வேலை பார்த்தவர் கிண்டலடித்ததுதான் காரணமாம்! இருவருமே காப்புரிமை வாங்கவில்லை. ‘காரா’ என்றால் வெறுமை, ‘ஓக்கே’ ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். வாத்தியக்காரர் இல்லாத கச்சேரி, அவ்வளவுதான்.

4. அடுத்தவர் பாடும்போது

மூன்று பாட்டை ஒரேயடியாக வரிசையில் போடாதீர்கள். யாராவது பாடும்போது டேப்லெட்டிலேயே தலையைப் புதைக்காமல் கைதட்டுங்கள். சில அறைகளில் டாம்பரின்கூட இருக்கும், எடுத்து ஆட்டுங்கள். ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதுவழி காட்டினார் என்று 2004இல் இனோவேக்கு இக்நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். கேலிப் பரிசுதான், ஆனால் காரணம் சரி.

5. தொலைபேசி மணி

முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரிலுள்ள தொலைபேசி ஒலிக்கும். அப்போதுதான் உங்களுக்குக் குரல் திறந்திருக்கும். நேரம் நீட்ட வேண்டுமானால் ‘என்ச்சோ’ என்று சொல்லுங்கள்.