க்யூஓஎஸ் போட்ட பிறகும் குரல் உடைகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேனேஜ்டு ஸ்விட்சை (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய நெட்வொர்க் ஸ்விட்ச்) புதிதாகக் கையில் எடுப்பவர்கள் சீக்கிரமே தேடிப் போவது க்யூஓஎஸ் பக்கத்தைத்தான், அதாவது எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று அமைக்கும் இடத்தை. இணையத் தொலைபேசியில் குரல் உடைகிறது, முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேபிளைத் தவறான போர்ட்டில் செருகியது, அமைப்பைச் சேமிக்க மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே வெளிப்பட்டுவிடும். வெளியே தெரியாமல் கழுத்தறுப்பவை வேறு.

டிரஸ்ட் சொல்லாமல் க்யூஓஎஸ்ஸை இயக்குவது

இத்தனை காலமாகியும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தொலைபேசிக் கருவி தன் குரல் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியைத் தானே இட்டு அனுப்புகிறது. அந்தக் குறியை நம்பலாமா என்று போர்ட் வாரியாக ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும்; இதுதான் டிரஸ்ட். சொல்லாமல் விட்டால், சில ஸ்விட்சுகள் 46ஐ அழித்து 0 ஆக்கிவிடும்.

சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 3560, 3750 வகைகள் இதற்குப் பேர்போனவை. க்யூஓஎஸ் அணைந்திருக்கும்வரை குறியைத் தொடாமல் கடத்தும். ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ கட்டளையைக் கொடுத்த நொடியே, டிரஸ்ட் அமைக்காத போர்ட்டுகளில் நுழையும் குறிகளெல்லாம் பூஜ்யமாகும். போதாக்குறைக்கு, வெளிச்செல்லும் பஃபரும் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நான்கு வரிசைகளுக்குப் பங்கு போடப்படும். அதுவரை சிக்கலின்றிப் போய்க்கொண்டிருந்த பெரிய கோப்புகளின் பாக்கெட்டுகள் திடீர் நெருக்கடிகளில் உதிரத் தொடங்கும். சரிசெய்யப் போட்ட கட்டளையே நிலைமையைக் கெடுக்கிறது.

ஓர் அலுவலகத்தில் இப்படிக் குரல் மேலும் மோசமானதும், இணைய வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி அதை இரட்டிப்பாக்கினார்கள். பிறகு தொலைபேசிகள்மீது சந்தேகம் வந்து, அவற்றையும் மாற்றினார்கள். தொலைபேசி போர்ட்டுகளில் டிரஸ்ட் ஒழுங்காகவே இருந்தது. இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் அப்லிங்க்கில்தான் இல்லை. பாக்கெட் கிளம்பும் முனையிலும் போய்ச்சேரும் முனையிலும் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துப் பார்த்தேன்: இங்கே 46, அங்கே 0. அவ்வளவு பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை!

அதற்காக எல்லாப் போர்ட்டுகளையும் நம்பிவிடாதீர்கள். ஏதோ ஒரு கணினி தன் பதிவிறக்கத்துக்கும் 46 என்று குறியிட்டால், அதுவும் குரல் வரிசையில் வந்து நின்றுகொள்ளும். தொலைபேசிகள், ஸ்விட்சுகளுக்கு இடையிலான இணைப்புகள் ஆகியவற்றை நம்பினால் போதும்.

எல்லாவற்றையும் ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டியில் தள்ளுவது

ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி கொடுத்த வரிசை காலியாகும்வரை மற்ற வரிசைகள் காத்துக்கிடக்கும். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் அழைப்பு ஒன்றுக்கு ஈதர்நெட்டில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட்தான் தேவை. இவ்வளவு சிறிய போக்குவரத்து அங்கே இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. கண்காணிப்புக் கேமராக்களையும் சேர்த்துத் தள்ளினால், மற்றவை பட்டினிதான். குரல் தவிர்த்த வரிசைகளுக்கு விகிதப் பங்கீடு கொடுங்கள்.

1 என்பது 0ஐவிட உயர்ந்தது என்று நினைப்பது

ஈதர்நெட் ஃபிரேமில் முன்னுரிமை எண் இடும் 802.1பி தரத்தின் வழக்கமான ஒதுக்கீட்டில் 1 என்பது பின்னணிப் போக்குவரத்து. அதன் இடம் 0க்கும் கீழே. ‘கொஞ்சம் உயர்த்துவோம்’ என்று 1 கொடுத்தவர் உண்மையில் தாழ்த்தியிருக்கிறார். எந்த எண் எந்த வரிசைக்குப் போகிறது என்று ஸ்விட்சின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேக் இல்லாத ஃபிரேமில் 802.1பி-யைத் தேடுவது

802.1பி எண்ணுக்கான 3 பிட்டுகள் விலான் டேகுக்குள்தான் (ஃபிரேம் எந்த விலானைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) இருக்கின்றன. டேக் இல்லையேல் டிஎஸ்சிபி குறியைப் பாருங்கள்.

ஃப்ளோ கன்ட்ரோல்

அணைத்துவிடுங்கள். பெறும் முனை திணறினால் அனுப்பும் முனையை நிறுத்திவைக்கும் முறை இது (802.3எக்ஸ்); அது நிறுத்தும்போது குரலும் சேர்ந்தே நிற்கும்.

நெரிசல் இல்லாத இடத்தில் முன்னுரிமை கொடுப்பது

ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு 1 ஜிகாபிட், அங்கிருந்து வெளியே 50 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் சேர்வது ரவுட்டரிலோ, அதற்கடுத்த மோடத்திலோதான். ஸ்விட்சின் வரிசைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், அங்கே என்ன அமைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ரவுட்டரில் வெளிச்செல்லும் வேகத்தை 50க்குச் சற்றுக் கீழே, 47 மெகாபிட் அளவில் கட்டிவைத்து, குரலுக்கான முன்னுரிமை வரிசையை அங்கே அமையுங்கள்.